வாய்க்கால் கரையோரம் ஒரு நடை



இன்றைக்கு ஒரு நடைபாதையைப் பற்றிப் பேசப்போகிறேன். உழவு, உரம், பூச்சிமருந்து என்று பேசுகிற இடத்தில் நடைபாதைக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. நான் சொல்லும் பாதை பல இடங்களில் வாய்க்கால் கரையை ஒட்டியே போகிறது. அந்த வாய்க்காலை வெட்டிய ஜனங்களை ஒரு ராஜா ஊரைவிட்டே கிளப்பி அனுப்பினான். அவர்கள் இடத்துக்கு வந்து சேர்ந்தவர்களுக்கு மடை எது, முறை எது என்று தெரியாது. அப்புறம் தண்ணீர் என்ன ஆயிற்று? அதைத்தான் சொல்லப்போகிறேன்.

இடம் ஸ்பெயின் தேசம். ஐரோப்பாக் கண்டத்தின் தென்மேற்கு மூலை. அதிலும் தெற்குக் கோடி. கடல் குறுகலான இடத்தில் 14 கிலோமீட்டர் தாண்டினால் ஆப்பிரிக்கா வந்துவிடும். இந்தத் தெற்குச் சீமையில் சியரா நெவாடா என்று ஒரு மலைத்தொடர். பனிமூடிய மலை என்று அர்த்தம். அதன் உச்சி 3,479 மீட்டர், அதாவது ஏறக்குறைய 11,400 அடி. அந்த மலையின் தென்சரிவுக்கு அல்புஹாரா என்று பெயர். சரிவு முழுக்க வெள்ளையடித்த சின்னச் சின்ன ஊர்கள். மலைமேல் நின்றால், தெளிவான நாளில் கீழே கடல் தெரியும்.

இங்கே விவசாயம் செய்கிறவனுக்கு ஒரு சங்கடம். மழையெல்லாம் குளிர்காலத்தில் பெய்துவிடும். மேலே அது பனியாக உறைந்து கிடக்கும். வெயில் ஏறியதும் பனி உருகி, வசந்தகாலத்தில் ஓடை நிறையத் தண்ணீர் வரும். ஆனால் பயிருக்குத் தண்ணீர் எப்போது வேண்டும்? ஜூலை, ஆகஸ்டில். அப்போது வானத்தில் ஒரு பொட்டு மேகம் இருக்காது. சரிவோ செங்குத்து; வந்த தண்ணீர் நிற்காமல் கடலுக்கு ஓடிவிடும். ஏரி கட்டலாம் என்றால் அதற்குச் சமதரை கிடையாது. இதற்கு அந்த ஜனங்கள் என்ன வழி கண்டார்கள் என்பதைப் பாதையில் போகும்போது பார்ப்போம்.

பாதைக்கு ஜி.ஆர். 7 என்று பெயர். ஸ்பெயினின் தென்முனையான தாரீஃபாவில் புறப்பட்டு, நாட்டை நெடுக்காகக் கடந்து, வடக்கே அந்தோரா எல்லைவரை போகும் நெடும்பாதை இது. பல நாடுகளைக் கடக்கும் ஐரோப்பிய நடைபாதை ஒன்றின் அங்கமும்கூட. புதிதாக வெட்டிய பாதை என்று நினைத்துவிடாதீர்கள். ஊருக்கு ஊர் கோவேறு கழுதை போய்வந்த பழைய ஒற்றையடித் தடங்களையும் காட்டுவழிகளையும் ஒன்றோடொன்று கோத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். கல்லிலும் மரத்திலும் வெள்ளைக்கோடு ஒன்று, அதன்கீழ் சிவப்புக்கோடு ஒன்று போட்டிருக்கும். அதே நிறத்தில் பெருக்கல் குறி இருந்தால் ‘இந்தப் பக்கம் போகாதே’ என்று அர்த்தம். எழுத்துத் தெரியாதவனும் வழி தப்பாமல் போகலாம்.

அல்புஹாராவில் இந்தப் பாதையைக் கிழக்கே வாலோர் என்ற ஊரில் பிடித்து மேற்கே காஞார் என்ற ஊர்வரை நடந்தால், நிதானமாக நாலைந்து நாள் ஆகும். பையில் ரொட்டியும் தண்ணீரும் இருந்தால் போதும். ராத்திரி தங்க ஏதாவது ஒரு ஊர் வந்துவிடும். நாமும் அந்தத் திசையிலேயே போவோம். சரித்திரமும் அந்தத் திசையில்தான் வரிசையாக வருகிறது.

வாலோரில் நிற்கிறோம். ஸ்பெயினின் பெரும்பகுதியை 8ஆம் நூற்றாண்டிலிருந்து முஸ்லிம் மன்னர்கள் ஆண்டார்கள். வடக்கே இருந்த கிறிஸ்தவ அரசுகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தெற்கே இறங்கின. கடைசியில் மிஞ்சியது கிரனாடா ராஜ்யம். 1492 ஜனவரி 2ஆம் தேதி அதுவும் விழுந்தது. மதத்துக்கும் வழக்கத்துக்கும் சொத்துக்கும் கைவைக்க மாட்டோம் என்று ஜெயித்தவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். எழுதிய மை காய்ந்து பத்து வருஷம் ஆகவில்லை, கட்டாயமாக ஞானஸ்நானம் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். அப்படி மதம் மாற்றப்பட்டவர்களை மொரிஸ்கோ என்று அழைத்தார்கள். மலையில் இருந்தவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான். பேச்சு அரபி. தொழில் விவசாயமும் பட்டுப்புழு வளர்ப்பும்.

பட்டு என்றதும் உங்களில் மல்பெரி வைத்திருப்பவர்கள் நிமிர்ந்து உட்காருவீர்கள். இந்த மலைச்சரிவு அந்தக் காலத்தில் முசுக்கொட்டைத் தோப்பு. புழு வளர்த்து, நூல் எடுத்து, கிரனாடா நகரத்துப் பட்டுக் கடைவீதிக்கு அனுப்புவார்கள். மரம் ஒருவருக்கு, அது நிற்கிற நிலம் இன்னொருவருக்கு என்கிற ஏற்பாடும் உண்டு. அரசாங்கம் பட்டுக்கு வரியை ஏற்றிக்கொண்டே போனது. நிலத்துக்குப் பத்திரம் காட்டு என்று அதிகாரிகள் மலைக்கு வந்து, காட்டமுடியாதவர்களுக்கு அபராதம் போட்டார்கள், நிலத்தையும் பிடுங்கினார்கள். பாட்டன் காலத்திலிருந்து உழுகிறவனிடம் பத்திரம் எங்கே இருக்கும்?

இதற்குமேல் 1567 ஜனவரியில் ஓர் ஆணை வந்தது. மூன்று வருஷத்துக்குள் அரபிப் பேச்சை விட்டுவிட வேண்டும். அவர்கள் வழக்கமான உடை கூடாது. குளியல் மண்டபங்களை மூட வேண்டும். பெயரையும் மாற்றிக்கொள்ள வேண்டும். பிரான்சிஸ்கோ நூஞெஸ் முலே என்ற வயதான மொரிஸ்கோ பெரியவர், இது நடக்கிற காரியமா என்று காரணங்களை அடுக்கி நீண்ட மனு எழுதிக் கொடுத்தார். கிழவர்கள் மூன்று வருஷத்தில் புதுப்பேச்சு எப்படிப் பழகுவார்கள் என்பது அவர் கேட்ட கேள்விகளில் ஒன்று. மனு பலிக்கவில்லை.

1568ஆம் வருஷம் கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி கலகம் வெடித்தது. இந்த வாலோரைச் சேர்ந்த குடும்பத்து இளைஞர் ஒருவரை அபென் உமெயா என்ற பெயரில் ராஜாவாக ஏற்றுக்கொண்டார்கள். இன்றைக்கும் வாலோரில் வருஷாவருஷம் செப்டம்பர் திருவிழாவில் அந்தச் சண்டையைக் கூத்தாக நடத்துகிறார்கள். கூத்தில் வாள் அட்டையாக இருக்கும். நிஜச் சண்டை அப்படியில்லை. கலகக்காரர்கள் பாதிரிமார்களையும் கிறிஸ்தவக் குடும்பங்களையும் ஊர் ஊராகக் கொன்றார்கள். பதிலுக்கு வந்த ராஜாங்கப் படை, சரணடைந்தவர்களையும் விடவில்லை. நம் பாதையில் பின்னால் வரும் ஹூவிலெஸ் என்ற ஊரில், 1569 ஜனவரியில், பிடிபட்டிருந்த பெண்களை ஒரே ராத்திரியில் கூட்டமாகச் சிப்பாய்கள் வெட்டித் தள்ளினார்கள். யார் பக்கம் நியாயம் என்று தராசு பிடிக்க நான் வரவில்லை. இரண்டு பக்கமும் வயல் பாழாய்ப் போனது.

வாலோரிலிருந்து மேற்கே போனால் யெஹென். இங்கிலீஷ்காரர் ஜெரால்ட் பிரெனன், முதல் உலக யுத்தம் முடிந்த கையோடு, 1920இல் வந்து இந்த ஊரில் வாடகைக்கு வீடு பிடித்தார். கோவேறு கழுதைப் பாதைதான் அப்போது ஊருக்கு வழி. கிராம வாழ்க்கையைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1957இல் வெளிவந்து, இந்த மலையை வெளியூர்க்காரர்களுக்குக் காட்டிக்கொடுத்தது. அடுத்து மெசினா பொம்பரோன். இது கலகத்தின் இரண்டாவது ராஜா அபென் அபூவின் ஊர். முதலாமவரைச் சொந்த ஆட்களே 1569 அக்டோபரில் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். இரண்டாமவரையும் சொந்த ஆட்களே, 1571 மார்ச்சில், பெர்ச்சுலெஸ் பக்கத்து மலைக்குகையில் முடித்தார்கள். அதோடு கலகமும் முடிந்தது.

ஆனால் ஜனங்களின் கதை அதற்கு முன்பே முடிந்துவிட்டது. 1570இல் இரண்டாம் பிலிப் ராஜா உத்தரவு போட்டான். கிரனாடா ராஜ்யத்து மொரிஸ்கோக்களைக் கும்பல் கும்பலாகச் சேர்த்து, காவல் போட்டு, நடத்தியே கொண்டுபோய் கொர்தோபா, தொலேதோ, செவீய்யா என்று தூரத்துச் சீமைகளில் பிரித்துவிட வேண்டும். சுமார் 80,000 பேர். குளிர்காலம். குளிரிலும் பசியிலும் நோயிலும் வழியிலேயே எத்தனையோ பேர் போனார்கள். இன்று நாம் பையை மாட்டிக்கொண்டு உல்லாசமாக நடக்கிற இதே சரிவில்தான் அந்த நடையும் தொடங்கியது. மிஞ்சியவர்களையும் அவர்கள் பிள்ளைகளையும் 1609 முதல் 1614க்குள் ஸ்பெயினைவிட்டே ஏற்றி அனுப்பினார்கள்.

இப்போது ராஜாவிடம் என்ன இருக்கிறது? காலி வீடுகள், காய்ந்த மரங்கள், உடைந்த கரைகள். ஆள் இல்லாத நிலம் வரி கட்டுமா? ஆகவே குடியேற்றத்துக்கு ஆள் திரட்டினார்கள். காஸ்டில், கலீசியா, எக்ஸ்த்ரெமதூரா, அண்டலூசியாவின் மற்ற பகுதிகள் என்று பல சீமைகளிலிருந்து ஏழைக் குடும்பங்கள் வந்தன. வீடும் நிலமும் உண்டு என்ற ஆசை. ராஜ்யம் முழுவதிலுமாகச் சுமார் 270 ஊர்களில் ஏறக்குறைய 12,500 குடும்பங்கள் அமர்த்தப்பட்டன. நூற்றுக்கு மேற்பட்ட ஊர்கள் ஆளே வராமல் பாழாகக் கிடந்தன.

வந்தவர்களின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். பலர் மானாவாரிக் கோதுமை விதைத்தவர்கள், ஆடுமாடு மேய்த்தவர்கள். இங்கே மலைச்சரிவில் கல்கட்டுக் கட்டி, படிப்படியாகத் துண்டு நிலங்கள். சில துண்டுகள் ஒரு கட்டில் போடும் அகலம்கூட இராது. ஒவ்வொன்றுக்கும் ஒரு மடை. எந்த மடை எந்த வாய்க்காலில், எந்தக் கிழமை எந்த நாழிகைக்கு யார் முறை, தண்ணீர் குறைந்தால் எதை முதலில் நிறுத்துவது என்பதெல்லாம் போனவர்களின் தலைக்குள் இருந்தது. தலையோடு போய்விட்டது. சில வருஷத்துக்குள் பலர் மூட்டையைக் கட்டிக்கொண்டு திரும்பிப் போனதில் ஆச்சரியமில்லை.

ராஜாங்கம் இங்கே ஒரு புத்திசாலித்தனம் செய்தது. ஊர் ஊராக அளவை அதிகாரிகளை அனுப்பியது. அவர்கள் கச்சேரியில் உட்கார்ந்து எழுதவில்லை. அந்தந்த ஊரின் நிலமும் நீரும் தெரிந்த ஆட்களைத் தேடிப்பிடித்து, முன்னே நடக்கவிட்டு, ‘இது யாருடைய நிலம், எதுவரை, எந்தத் தண்ணீர் பாயும்’ என்று கேட்டுக் கேட்டு எழுதினார்கள். பிறகு நிலத்தைப் பங்கு பிரித்துச் சீட்டுப்போட்டுக் கொடுத்தார்கள். வயல், கொல்லை, மரம் எல்லாம் பங்கில் அடக்கம். தண்ணீர் முறையை மட்டும் புதிதாக உண்டாக்கவில்லை; மொரிஸ்கோ காலத்தில் எப்படி இருந்ததோ அப்படியே நடக்கட்டும் என்று விட்டார்கள். ஊருக்கு இரண்டு மொரிஸ்கோக் குடும்பத்தை, வாய்க்காலைக் காட்டிக்கொடுக்க நிறுத்திவைத்தார்கள் என்றும் மலையில் சொல்வார்கள். 1609இல் கிழக்கே வலென்சியாவில் துரத்தியபோது, நூறு குடும்பத்துக்கு ஆறு குடும்பம் இருந்து வீட்டையும் கரும்பாலையையும் நெல்லையும் வாய்க்காலையும் பார்த்துக்கொள்ளலாம், புதுக்குடிகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம் என்று ஆணையிலேயே ஒரு விதி இருந்தது. உறவெல்லாம் கப்பலேறும்போது நாங்கள் மட்டும் எதற்கு என்று அங்கே பெரும்பாலானவர்கள் நிற்கவில்லை. கடைசியில் அந்தச் சலுகையும் போயிற்று.

வாளால் பிடித்த நிலத்துக்கு வழிகாட்ட, துரத்தப்பட்டவன் தேவைப்பட்டான் பார்த்தீர்களா!

இன்னொரு வேடிக்கை. அரபிப் பேச்சு கூடாது என்று ஆணை போட்ட தேசத்தில், தண்ணீரைப் பற்றி இன்றைக்கும் அரபி வேர் இல்லாமல் பேசமுடியாது. வாய்க்காலுக்கு அசேக்கியா. குளத்துக்கு அல்பெர்க்கா. தண்ணீர்த் தொட்டிக்கு அல்ஹிபே. ஏற்றச் சக்கரத்துக்கு நோரியா. ஓடையை மறிக்கும் கொரம்புக்கு அசூத். எல்லாம் அரபியிலிருந்து முன்பே ஸ்பானிய மொழியில் கலந்தவை. ஆரஞ்சுப் பழத்துக்கு அங்கே நரான்ஹா. அதுவும் அரபி வழியாக வந்த சொல். அதன் ஆதி வேர் நம் பக்கத்து மொழிகளில், நாரத்தை என்கிற சொல்லை ஒட்டி இருக்கிறது என்பது மொழி ஆராய்ச்சிக்காரர்கள் பலரின் கருத்து. பழம் கடல் தாண்டிப் போகும்போது பெயரையும் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது.

சரி, பெர்ச்சுலெஸ் வந்துவிட்டோம். ஆரம்பத்தில் ஒரு சங்கடம் சொன்னேனே, தண்ணீர் வருவது வசந்தத்தில், வேண்டியது கோடையில் என்று. அதற்கு விடை இந்த ஊருக்கு மேலே இருக்கிறது.

மேலே, பனி உருகும் உயரத்தில், ஓடையைச் சின்னக் கல்அணையால் மறித்து ஒரு வாய்க்கால் எடுக்கிறார்கள். வாட்டம் மிகக் குறைவு. மலையின் இடுப்பைச் சுற்றி அரைஞாண் கயிறு மாதிரி போகும். இந்த வாய்க்கால் எந்த வயலுக்கும் போகாது. ஒரு குறிப்பிட்ட சரிவுக்குப் போய், அங்கே தண்ணீரை அப்படியே தரையில் கொட்டிவிடும்! பார்க்கிறவன் பைத்தியக்காரத்தனம் என்பான். ஆனால் அந்த இடத்தில் பாறை நொறுங்கி, மண்ணும் சல்லியுமாகப் பொடிந்து கிடக்கிறது. தண்ணீர் உள்ளே இறங்கி, மண்ணுக்குள் மெதுவாக நகர்ந்து, வாரங்கள், மாதங்கள் கழித்துக் கீழே ஊற்றாகப் புறப்படும். ஓடையோடு போயிருந்தால் ஒரே நாளில் கடலுக்குப் போயிருக்கும் தண்ணீர், கோடையில் ஊருக்கு மேலே ஊற்றில் கிடைக்கிறது. மலையையே ஏரியாக்கிவிட்டார்கள்! இந்த வாய்க்காலுக்குக் கரேயோ வாய்க்கால் என்று பெயர். தண்ணீர் விதைப்பு என்றும் இந்த வேலையைச் சொல்கிறார்கள்.

பெர்ச்சுலெஸ் பக்கத்தில் எஸ்பினோ வாய்க்கால் என்ற ஒன்றை ஸ்பெயின் நிலவியல் விஞ்ஞானிகள் அளந்து பார்த்து, 2019இல் கட்டுரை வெளியிட்டார்கள். நிலத்தடி நீரை மனிதன் வேண்டுமென்றே ஊட்டுகிற ஏற்பாடுகளில், ஐரோப்பாவில் தெரிந்தவரை இதுவே மிகப் பழையது என்பது அவர்கள் முடிவு. முஸ்லிம் ஆட்சிக் காலத்து வேலை. பூமியைத் துளைத்துப் பார்க்கிற கருவி எதுவும் அப்போது கிடையாது. எந்தச் சரிவில் தண்ணீர் விட்டால் எந்த ஊற்று பெருகுகிறது என்று தலைமுறை தலைமுறையாகக் கவனித்து, கண்டு வைத்திருக்கிறார்கள்.

இதைப் பார்த்துக்கொள்ள ஊர்ப்பொதுவில் ஓர் ஆள் உண்டு. அசேக்கியேரோ என்பார்கள். நாம் நீர்க்கட்டி, மடைக்காரர் என்கிறோமே அந்த வேலை. மண்வெட்டியோடு மேலே ஏறுவார். கரை உடைந்தால் புல்லோடு வெட்டின மண்கட்டியை வைத்து அடைப்பார். இந்தச் சரிவில் போதும், அடுத்த சரிவுக்குத் திருப்பு என்று முடிவு செய்வது அவர்தான். இவர் நடந்து நடந்து உண்டான தடம்தான் பல இடங்களில் வாய்க்கால் கரைப் பாதை. கீழே வயல் வாய்க்காலில் முறைவைத்துப் பாய்ச்சுவார்கள். ராத்திரித் தண்ணீரைக் குளத்தில் பிடித்து வைத்துப் பகலில் திறப்பதும் உண்டு. வருஷத்துக்கு ஒருதரம் பாசனக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து வாய்க்கால் தூர்வார வேண்டும். வராதவர் ஆள் அனுப்ப வேண்டும் அல்லது பணம் கட்ட வேண்டும்.

ஹூவிலெஸ் தாண்டி ட்ரெவெலெஸ் போகிறது பாதை. கிட்டத்தட்ட 1,480 மீட்டர் உயரம். ஸ்பெயினிலேயே உயரத்தில் இருக்கும் ஊர்களில் ஒன்று. குளிர்ந்த உலர்காற்றில் பன்றித்தொடை தொங்கவிட்டுப் பதப்படுத்துவதற்குப் பேர்போனது. அப்புறம் புஸ்கிஸ்டார், பொர்த்துகோஸ், பித்ரெஸ். இந்தப் பக்கத்து வீடுகளைக் கவனியுங்கள். கல்சுவர், தட்டைக்கூரை. கூரைமேல் செஸ்ட்நட் மரக் கட்டைகளைப் போட்டு, கல்பலகை பரப்பி, அதன்மேல் லௌனா என்கிற சாம்பல்நிறக் களிமண் போட்டிருப்பார்கள். மழை பட்டால் இறுகித் தண்ணீர் இறங்காது. ஊர் ஓரத்தில் வட்டமாகக் கல் பாவின களம் தெரியும். கோதுமையைப் பரப்பி, கோவேறு கழுதையைச் சுற்றவிட்டு, மலைக்காற்றில் தூற்றின இடம். இப்போது களத்தில் புல் முளைத்திருக்கிறது. நடந்துபோகிறவர்கள் உட்கார்ந்து ரொட்டி தின்ன வசதியாக இருக்கிறது.

களத்தில் ஏன் புல் முளைத்தது? இங்கேதான் இரண்டாவது காலியாதல் வருகிறது. 1950களிலிருந்து இருபது முப்பது வருஷத்தில் மலை ஜனங்கள் இறங்கிப் போனார்கள். இந்தத் தரம் எந்த ராஜாவும் துரத்தவில்லை; பார்சலோனா தொழிற்சாலைக் கூலி கூப்பிட்டது, ஜெர்மனி கூப்பிட்டது. இன்னும் பலர் பக்கத்திலேயே அல்மெரியா கடற்கரைச் சமவெளிக்குப் போனார்கள். அங்கே பிளாஸ்டிக் கூரை போட்டு, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் தக்காளியும் மிளகாயும் வெள்ளரியும் போட்டுப் பணம் பார்க்கலாம். இன்றைக்கு அந்த மாகாணத்தில் 30,000 ஹெக்டேருக்கு மேல் பிளாஸ்டிக் கூரை. நிலத்தடி நீரை அளவுக்குமேல் இறைத்து, சில இடங்களில் கடல்நீர் உள்ளே ஏறிவிட்டது. மேலே ஒரு கூட்டம் ஆயிரம் வருஷத்துக்குமுன் பூமிக்குள் தண்ணீர் ஊட்டக் கற்றது. அவர்கள் நிலத்தில் பிழைத்தவர்களின் பிள்ளைகள் கீழே இறங்கிப் பூமியிலிருந்து உறிஞ்சக் கற்றார்கள். குற்றமாகச் சொல்லவில்லை. கட்டில் அகலத் துண்டு நிலத்தில் எத்தனை நாளைக்குப் பிழைப்பது? நானும் நீங்களும் அங்கே இருந்தால் நாமும் இறங்கியிருப்போம்.

ஆனால் வாய்க்காலுக்கு அந்தக் கணக்குத் தெரியாது. தூர்வார ஆள் குறைந்தால் வேர் ஏறும், கரை சரியும். மேல் வாய்க்கால் நின்றால் ஊற்றில் தண்ணீர் குறையும். பாயாத படியில் கல்கட்டு சரிந்து, அடுத்த மழைக்கு மண் கீழே வரும். 1570இல் ஆள் போனபோதும் இப்படித்தான் தொடங்கியிருக்கும். அப்போது புதிதாகக் குடியேற வந்தார்கள். இப்போது வரவில்லை.

இன்னொரு விஷயத்தையும் உங்களிடம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது எந்த ஊரிலும் சண்டை வருகிற விஷயம். மண்வாய்க்காலில் பாதித் தண்ணீர் கசிந்து வீணாகிறது, சிமெண்டு பூசு, குழாய் போடு என்று இன்ஜினியர்கள் சொன்னார்கள். மலையில் சில வாய்க்கால்களுக்கு அப்படியே செய்தார்கள். வயலுக்குத் தண்ணீர் சீக்கிரம் வந்தது உண்மை, தூர்வாரும் வேலை குறைந்ததும் உண்மை. ஆனால் கரைக்குக் கீழே நின்ற செஸ்ட்நட் மரங்கள் வாடத் தொடங்கின; ஊற்றுகள் இளைத்தன. கசிந்த தண்ணீர் வீணாகப் போகவில்லை, கீழே இன்னொருவனுடைய ஊற்றாக வந்துகொண்டிருந்தது என்பது அப்புறம்தான் புரிந்தது. சமவெளியில் குழாய் நல்லதாக இருக்கலாம். இந்த மலைக்கு அது பொருந்தவில்லை என்பது என் அபிப்பிராயம். எந்த வாய்க்கால் பாய்ச்ச, எந்த வாய்க்கால் கசிய என்று பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து போட்டால் அப்படித்தான் ஆகும்.

பித்ரெஸிலிருந்து போக்கெய்ரா பள்ளத்தாக்கு. புபியோன், பம்பனெய்ரா இரண்டு ஊர்களையும் பாதை தொட்டுப் போகிறது. கபிலெய்ரா சற்று மேலே தெரியும். மூன்றும் படிக்கட்டு மாதிரி ஒன்றின்மேல் ஒன்று. இங்கே வெளியூர் ஜனங்கள் நிறைய வருகிறார்கள். பம்பளிக் கடை, சாப்பாட்டுக் கடை, தங்கும் வீடு என்று ஊர் பிழைத்துக்கொண்டது. வருகிறவர்கள் பார்க்க ஆசைப்படுவது எதை? தெருவில் ஓடும் தண்ணீரையும், பச்சைப் படி வயலையும், பெரிய மரங்களையும். அதற்கெல்லாம் மேலே ஒருவன் மண்வெட்டியோடு ஏற வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது.

அங்கிருந்து சொபோர்த்துஹார் வழியாகக் காஞார். 2005 செப்டம்பரில் இந்தப் பக்கத்துச் சரிவுகளில் பெருந்தீ பிடித்து, ஆயிரக்கணக்கான ஹெக்டேர் கருகியது. காஞாருக்கு மேலே பார்ஹாஸ் என்று ஒரு பழைய வாய்க்கால். பார்க்க ஆளில்லாமல் பல பத்தாண்டுகளாகத் தூர்ந்து கிடந்தது. 2014இல் கிரனாடா சர்வகலாசாலையின் தொல்பொருள் ஆராய்ச்சியாளர் ஹோசே மரியா மார்த்தின் சிவாந்தோஸும் அவர் கூட்டத்தாரும் இதைக் கையில் எடுத்தார்கள். தொல்பொருள்காரர் என்றால் புதைந்த கோட்டையைத் தோண்டுவார் என்று நினைக்கிறோம். இவர்கள் வாய்க்காலைத் தோண்டினார்கள். மாணவர்களும் தொண்டர்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்து மண்வெட்டி, கடப்பாரையோடு மேலே ஏறினார்கள்.

முதலில் வாய்க்கால் எங்கே இருக்கிறது என்பதே பல இடத்தில் தெரியவில்லை. புதர். சரிந்த மண். சர்வகலாசாலையில் வரைபடம் உண்டு, விமானத்திலிருந்து எடுத்த படமும் உண்டு. இருந்தாலும் எந்த மடையிலிருந்து தண்ணீர் எங்கே திரும்பும், எந்த இடத்தில் கரை எப்போதும் உடையும் என்று அறிய, வாய்க்கால் ஓடின காலத்தைக் கண்ணால் பார்த்த கிழவர்களைத்தான் கேட்க வேண்டியிருந்தது. 1570களில் ராஜாவின் அளவை அதிகாரிகள் செய்த அதே காரியம்! அந்த முயற்சிக்குப் பிறகு சியரா நெவாடாவின் மற்றப் பக்கங்களிலும் இப்படித் தூர்ந்த வாய்க்கால்களை எடுத்துவிடும் வேலை தொடர்ந்தது. எடுத்தால் மட்டும் போதாது, வருஷாவருஷம் பார்க்கிற பாசனக்காரர்கள் அந்த ஊரிலேயே இருக்கவேண்டும் என்பதை அவர்களே அழுத்திச் சொல்கிறார்கள்.

பார்ஹாஸ் வாய்க்காலில் மறுபடி தண்ணீர் விட்டார்கள். காய்ந்து கிடந்த மண் முதலில் குடித்துக்கொண்டே இருக்கும். தண்ணீரின் தலை, சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு, நடக்கிற ஆளைவிட மெதுவாக வரும். கரையில் கூடவே நடந்துவர வேண்டும். எங்காவது ஓட்டை தெரிந்தால் ஒரு மண்கட்டியைப் போட்டு மிதித்து, மேலே நடக்க வேண்டியதுதான்.